கரையின் கிலோமீட்டரும் கடலின் மைலும்: தூரத்தை மாற்றிக் கணக்கிடும் முறை

தமிழ்நாட்டின் மேற்குக் கடற்கரையில் கடைசி ஊர் நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழும் கடற்கரைக் குடும்பங்கள் ஒரே நாளில் தூரத்தை மூன்று நான்கு அளவுகளில் கேட்கின்றன. காலையில் தொலைக்காட்சி வானிலைச் செய்தி கிலோமீட்டரில் சொல்கிறது. கடலில் இருக்கும் படகின் ஜி.பி.எஸ். கருவி கடல் மைலில் காட்டுகிறது. அதையே நாம் நாட்டிக்கல் மைல் என்றும், பொழியூர்க்காரர்கள் நோட்டிக்கல் மைல் என்றும் சொல்கிறோம். வயதில் மூத்தவர்கள் வெறுமனே 'மைல்' என்கிறார்கள். ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தில், அளக்கிறார்கள். இந்த அளவுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் அதைச் சரியாகச் செய்யாததால் வரும் துன்பம் பெரியது என்பதால், இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் படகு ஒன்றின் இயந்திரம் கடலில் நின்றுவிட்டது. அவர்கள் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்குச் சொல்ல, அந்தப் படகிலிருந்து கரைக்குத் தகவல் வந்தது: "தேங்காப்பட்டணத்துக்குத் தென்மேற்கே முப்பத்தெட்டு." அந்த எண்ணைத் துண்டுத்தாளில் எழுதியவன் நான். 38 என்று மட்டும் எழுதினேன். என்ன அளவு என்று எழுதவில்லை. தாள் கைமாறியது. தேடப் போன படகில் அதை வாங்கிப் படித்தவர் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டார். 38 கிலோமீட்டர் என்பது இருபதரைக் கடல் மைல். நின்றுபோன படகு இருந்ததோ 38 கடல் மைலில், அதாவது 70.4 கிலோமீட்டரில். இடைவெளி 32 கிலோமீட்டருக்கு மேல். 8 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில், ஓடும் படகுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமான ஓட்டம். கடல் அன்று அமைதியாக இருந்ததால் எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து நான் எந்த எண்ணையும் அளவின் பெயர் இல்லாமல் எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதவும் விடுவதில்லை.

கடல் மைல் என்றால் என்ன

ஒரு கடல் மைல் என்பது சரியாக 1852 மீட்டர், அதாவது 1.852 கிலோமீட்டர். 1929ஆம் ஆண்டு மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு நீரியல் மாநாடு இந்த அளவை வகுத்தது. அதற்கு முன் நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடு இருந்தது; பிரிட்டிஷார் 6080 அடியை ஒரு கடல் மைலாக வைத்திருந்தார்கள், அது 1852 மீட்டரைவிட ஒரு மீட்டர் சொச்சம் கூடுதல். பழைய பிரிட்டிஷ் வரைபடம் ஒன்று கையில் கிடைத்தால்கூட, நம் வேலைக்கு அந்த ஒரு மீட்டர் பொருட்டல்ல.

1852 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அது மறக்காது. பூமியின் நடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரை 90 பாகை. ஒவ்வொரு பாகையிலும் 60 கலை, அதாவது 60 மினிட். ஆக மொத்தம் 5400 மினிட். ஒரு மினிட் அட்சரேகைத் தூரமே ஒரு கடல் மைல் என்று மாலுமிகள் வைத்துக்கொண்டார்கள். மீட்டரை வகுத்த பிரெஞ்சுக்காரர்களும் 1791இல் அதே நடுக்கோட்டு-துருவத் தூரத்தைத்தான் எடுத்து, அதை ஒரு கோடிப் பங்காக்கி ஒரு பங்கை மீட்டர் என்றார்கள். எனவே 10,000 கிலோமீட்டரும் 5400 கடல் மைலும் ஒரே தூரம். இரண்டிலும் இரண்டிரண்டு சுழியத்தை நீக்கினால், 100 கிலோமீட்டருக்கு 54 கடல் மைல். இந்த ஒரு வரி மனத்தில் நின்றால் போதும். கருவியும் அட்டவணையும் இல்லாவிட்டாலும் கணக்கு நின்றுவிடாது. துல்லியமாகப் பார்த்தால் 54 கடல் மைல் 100.008 கிலோமீட்டர்; நூறு கிலோமீட்டரில் எட்டு மீட்டர்தான் வித்தியாசம்.

மனக்கணக்காகச் செய்வது

கிலோமீட்டரைக் கடல் மைலாக்க 0.54ஆல் பெருக்க வேண்டும். மனத்துக்குள் செய்வதானால், கிலோமீட்டரைப் பாதியாக்கி, நூற்றுக்கு நான்கு வீதம் கூட்டிக்கொள்ளலாம். 65 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 32.5. நூற்றுக்கு நான்கு வீதம் 65க்கு 2.6. கூட்டினால் 35.1 கடல் மைல். கணிப்பானில் வகுத்துப் பார்த்தாலும் அதே 35.1தான் வரும். நூற்றுக்கு நான்கு என்பது பாதிக்கு அல்ல, முழு எண்ணுக்கு. தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது.

எதிர்த்திசையில், கடல் மைலைக் கிலோமீட்டராக்க 1.852ஆல் பெருக்க வேண்டும். இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி: எண்ணை இரட்டித்து, பின் மூல எண்ணில் பத்தில் ஒன்றையும் அந்தப் பத்தில் ஒன்றின் பாதியையும் கழிக்க வேண்டும். 45 கடல் மைலை எடுத்தால், இரட்டித்தது 90. பத்தில் ஒன்று 4.5, அதில் பாதி 2.25, இரண்டும் சேர்ந்து 6.75; கழித்தால் 83.25 கிலோமீட்டர். சரியான விடை 83.34. வித்தியாசம் நூறு மீட்டருக்கும் குறைவு. 200 கடல் மைல் தூரத்துக்குக்கூட நானூறு மீட்டர்தான். கடலில் இருக்கும் ஒருவரிடம் வாய்வழியாகச் சொல்ல இந்தத் துல்லியம் தாராளம். எழுதி அனுப்பும்போதும், விண்ணப்பத்தில் குறிக்கும்போதும் மட்டும் 1.852ஐயே பயன்படுத்துங்கள்.

பழகிப் பார்க்க இலட்சத்தீவுக் கணக்கு ஒன்று. கொச்சியிலிருந்து மினிக்காய் 398 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. பாதி 199, நூற்றுக்கு நான்கு வீதம் 15.9, ஆக ஏறத்தாழ 215 கடல் மைல். கவரத்தி 404 கிலோமீட்டர். அது 218 கடல் மைல். விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பற்றிய செய்திகளில், பன்னாட்டுக் கப்பல் பாதை அங்கிருந்து ஏறத்தாழ 10 கடல் மைலில் இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். கிலோமீட்டரில் அது பதினெட்டரை. இந்தக் கடைசி எண்ணைச் சிறு வள்ளக்காரர்கள் மனத்தில் வைத்திருப்பது நல்லது. 18 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒன்று அந்தப் பத்துக் கடல் மைலை 33 நிமிடத்தில் கடந்துவிடும்; 6 நாட் வேகத்தில் போகும் வள்ளத்துக்கோ அதே தூரம் ஒரு மணி நாற்பது நிமிடம். தொலைவில் தெரியும் கப்பல் விளக்கை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

வேகம்: நாட் என்பது தூரம் அல்ல

ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் அது ஒரு நாட். 'மணிக்கு' என்பது நாட் என்ற சொல்லுக்குள்ளேயே இருப்பதால் "மணிக்கு 8 நாட்" என்று சொல்லத் தேவையில்லை. "8 நாட்" போதும். நாட்டிக்கல் என்ற தூரமும் நாட் என்ற வேகமும் பேச்சில் ஒன்றுபோல் ஒலிப்பதால், வயர்லெஸ் இரைச்சலில் இரண்டும் குழம்புகின்றன. ஆகவே தூரத்தைச் சொல்லும்போது 'மைல்' என்ற சொல்லைக் கட்டாயம் சேர்த்து, 'கடல் மைல்' என்றோ 'நாட்டிக்கல் மைல்' என்றோ முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மாற்றும் எண் அதேதான்: நாட்டை 1.852ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை, "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்" என்பது. நாட் அளவில் அது 24 முதல் 30 வரை, இடையிடையே 35. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 17 முதல் 27 நாட் வரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 28 முதல் 33 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 34 முதல் 47 வரை புயல், 48 முதல் 63 வரை தீவிரப் புயல். மேலே சொன்ன எச்சரிக்கையின் '65 கிலோமீட்டர்' புயலின் தொடக்க வேகத்தைத் தொட்டுவிடுகிறது என்பது நாட் அளவுக்கு மாற்றிப் பார்க்கும்போதுதான் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வகை பிரிப்பது தொடர்ந்து வீசும் காற்றின் வேகத்தை வைத்துத்தான்; இடையிடையே வரும் வீச்சை வைத்து அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிட முக்கியமானது புயல் நகரும் வேகம். "மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வருகிறது" என்று செய்தியில் கேட்டால், மிதிவண்டி வேகம்தானே என்று கரையில் இருப்பவருக்குத் தோன்றும். 15ஐ 0.54ஆல் பெருக்கிப் பாருங்கள்: 8.1 நாட். ஆழ்கடல் விசைப்படகு ஒன்று சாதாரணமாக ஓடும் வேகம் 7, 8 நாட். அதாவது புயல் நகரும் வேகமும் படகின் வேகமும் ஒன்று. புயலுக்கு முன்னால் ஓடித் தப்பிவிடலாம் என்று கணக்குப் போட இடமே இல்லை. அதன் பாதையிலிருந்து விலகுவது, அதுவும் நேரத்தோடு விலகுவது, இது ஒன்றுதான் வழி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது இந்தக் கரையின் படகுகளும் வள்ளங்களும் ஏராளமாகக் கடலில் இருந்தன. கிலோமீட்டர் எண்ணை நாட்டாக மாற்றி, படகின் சொந்த வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதை நினைத்துத்தான்.

செய்தியில் வரும் தூரம் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். "கன்னியாகுமரிக்குத் தென்கிழக்கே 270 கிலோமீட்டர்" என்றால் 146 கடல் மைல். ஆனால் அது கன்னியாகுமரியிலிருந்து, படகிலிருந்து அல்ல. படகு குமரிக்குத் தென்கிழக்கே 60 கடல் மைலில் நின்றால், புயலுக்கும் அதற்கும் 86 கடல் மைல்தான். படகு குமரிக்கு மேற்கே நின்றால் தூரம் 146க்கும் மேல். திசையைக் கேட்காமல் தூரத்தை மட்டும் மாற்றிச் சொல்வது அரை வேலை.

தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் காணும்போது இரண்டும் ஒரே குடும்பத்து அளவாக இருக்க வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் துறைமுகம் 54 கிலோமீட்டர் என்று காட்டுகிறது, ஜி.பி.எஸ். 7.5 நாட் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 54ஐ 7.5ஆல் வகுத்து ஏழே கால் மணி நேரம் என்று ஒருவர் சொன்னால், அது தவறு. 54 கிலோமீட்டர் 29.2 கடல் மைல், அதை 7.5ஆல் வகுத்தால் 3 மணி 53 நிமிடம். டீசலும் ஐஸும் இந்த நேரத்தை நம்பித்தான் கணக்கிடப்படுகின்றன.

நீரோட்டத்தின் வேகம் இன்னொரு அளவில் வருகிறது. கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் கரையில் திடீரென ஏறும் பெரிய அலைகள்) எச்சரிக்கைகளிலும் உயர் அலை எச்சரிக்கைகளிலும் அதை வினாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று குறிப்பிடுவது உண்டு. வினாடிக்கு 51.4 சென்டிமீட்டர் ஒரு நாட். 50 என்று வைத்துக்கொண்டாலே போதும். வினாடிக்கு 40 சென்டிமீட்டர் நீரோட்டம் என்றால் 0.78 நாட். கேட்க அற்பமாகத் தெரியலாம். ஆனால் இயந்திரம் நின்ற படகு நான்கு மணி நேரத்தில் அந்த ஓட்டத்தோடு 3.1 கடல் மைல், அதாவது 5.8 கிலோமீட்டர் ஒதுங்கிவிடும். தேடப் போகிறவர்கள் கடைசியாகக் கிடைத்த இடத்தோடு இந்த ஒதுக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று தள்ளுவது இதற்கு மேல்.

அட்ச, தீர்க்க ரேகை எண்களிலிருந்து தூரம்

ஜி.பி.எஸ். எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தூரம் கண்டுபிடிப்பதுதான் கடல் மைலின் உண்மையான அருமை. துறைமுக வாய் வடக்கு 8 பாகை 14.3 மினிட் என்றும், வலை கிடக்கும் இடம் அதற்கு நேர் தெற்கே 7 பாகை 52.1 மினிட் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். 8 பாகையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கி மினிட்டில் சேர்த்தால் 7 பாகை 74.3 மினிட், கடன் வாங்கும்போது சேர்ப்பது 60, நூறு அல்ல. 74.3இல் 52.1 போனால் 22.2 மினிட். அப்படியே 22.2 கடல் மைல். வேறு பெருக்கல் எதுவும் வேண்டாம். கிலோமீட்டர் வேண்டுமானால் 1.852ஆல் பெருக்கினால் 41.1.

இதில் நுட்பமான ஒரு விவரம் உண்டு. பூமி முழு உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டை. அதனால் ஒரு மினிட் அட்சரேகை எல்லா இடத்திலும் 1852 மீட்டர் இல்லை. நடுக்கோட்டில் ஏறத்தாழ 1843, துருவத்தில் ஏறத்தாழ 1862. நம் குமரிக் கரை நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஒரு மினிட் 1843 மீட்டர். மேலே கண்ட 22.2 மினிட்டுக்கு உண்மையான தூரம் 40.9 கிலோமீட்டர், இருநூறு மீட்டர் குறைவு. தொழிலுக்குப் போகிறவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எல்லையோரத்தில் அளப்பவர்களும், மூழ்கிய பொருளைத் தேடுபவர்களும் கருவி காட்டும் தூரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். கருவி இந்தத் தட்டைத்தன்மையையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

கிழக்கு மேற்குத் தூரத்துக்குத் தீர்க்க ரேகை மினிட்டை அப்படியே மைலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீர்க்க ரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குகின்றன. நம் பக்கத்தில் நெருக்கம் மிகக் குறைவு, மினிட்டை 0.99ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். ஆனால் இங்கிருந்து குஜராத் கடல் வரை தொழிலுக்குப் போகும் படகுகள் உண்டு. வெராவல் பக்கம், 21 பாகை அட்சரேகையில், 60 மினிட் தீர்க்க ரேகை 56 கடல் மைல்தான். குமரிக்கடலில் பழகிய கண், அங்கே பாகைக்கு நான்கு மைல் தவறும்.

வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு இரண்டிலும் வித்தியாசம் இருந்தால் செங்கோண முக்கோணக் கணக்கு. முன் சொன்ன 22.2 மைலோடு, மேற்கே 16 மினிட் தீர்க்க ரேகையும் இருந்தால் அது 15.8 மைல். 22.2இன் வர்க்கம் 493, 15.8இன் வர்க்கம் 250, இரண்டும் சேர்ந்து 743. அதன் வர்க்கமூலம் 27.3 கடல் மைல், கிலோமீட்டரில் ஐம்பதரை. நூறு மைலுக்குள் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும்.

தாள் வரைபடத்தில் அளப்பவர்கள், கவராயத்தின் இரு முனைகளையும் இரண்டு இடங்களில் வைத்து, அதே விரிவோடு வரைபடத்தின் இடது அல்லது வலது ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவில், அதே உயரத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மேல், கீழ் ஓரத்தில் இருப்பது தீர்க்க ரேகை அளவு. அதில் ஒருபோதும் தூரத்தைப் படிக்கக் கூடாது.

எண் எழுதும் முறையில் ஒளிந்திருக்கும் பிழை

இதை நான் தனியாக எழுதுவதற்குக் காரணம், மாற்றுக் கணக்கை எவ்வளவு சரியாகச் செய்தாலும் தொடக்க எண்ணைத் தவறாகப் படித்தால் எல்லாம் வீண் என்பதுதான். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். படகின் கருவி பெரும்பாலும் பாகையும் மினிட்டும், மினிட்டின் பதின்மமும் காட்டும்: 8 பாகை 14.300 மினிட். சில வரைபடங்கள் பாகை, மினிட், செகண்ட் என்று காட்டும்: 8 பாகை 14 மினிட் 18 செகண்ட். கைப்பேசி வரைபடம் பாகையை மட்டும் பதின்மத்தில் காட்டும்: 8.2383. மூன்றும் ஒரே இடம்தான்.

14.30 மினிட்டை 14 மினிட் 30 செகண்ட் என்று படித்தால் 12 செகண்ட் தவறு, 0.2 கடல் மைல், ஏறத்தாழ 370 மீட்டர். பகலில் பார்த்தால் தெரிந்துவிடும் தூரம் அது. இரவில் வலையின் மிதவையைத் தேடும்போது அப்படியில்லை. கைப்பேசியின் 8.2383ஐ 8 பாகை 23.83 மினிட் என்று படகுக் கருவியில் ஏற்றினால் தவறு 9.5 கடல் மைல், பதினேழரைக் கிலோமீட்டர். சரியான வழி, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்குவது: 0.2383 பெருக்கல் 60, 14.3 மினிட். எதிர்த்திசையில் மினிட்டை 60ஆல் வகுக்க வேண்டும். கரையில் மகனோ மகளோ கைப்பேசியில் இடத்தைப் பார்த்து அப்பாவுக்குச் சொல்லும்போது இந்த ஒரு பெருக்கலைச் செய்த பின்பே சொல்ல வேண்டும்.

வெறும் 'மைல்' என்ற சொல்

தரை மைல் 1609 மீட்டர். கடல் மைலைவிட 243 மீட்டர் குறைவு. ஒன்றிரண்டு மைலில் தெரியாத இந்த வேறுபாடு தூரம் கூடக் கூடப் பெருகுகிறது. 30 கடல் மைல் 55.6 கிலோமீட்டர், 30 தரை மைல் 48.3 கிலோமீட்டர். கருவியின் அமைப்புப் பக்கத்தில் தூர அளவுக்கு நாட்டிக்கல், ஸ்டாச்யூட், மெட்ரிக் என்று மூன்று தேர்வுகள் இருக்கும்; ஸ்டாச்யூட் என்பது தரை மைல். பழைய கருவியை வாங்கியவர்களும், பழுது பார்த்து வாங்கியவர்களும் புறப்படும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே நேர் தெற்கில் 10 மினிட் வித்தியாசமுள்ள இரண்டு இடங்களைக் கருவியில் குறித்துத் தூரம் கேளுங்கள். 10க்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் கடல் மைல், 11.5 என்றால் தரை மைல், 18.4 என்றால் கிலோமீட்டர்.

சட்டத்தில் வரும் தூரங்கள் எல்லாம் கடல் மைலில்தான். 1976ஆம் ஆண்டு இந்தியக் கடல் மண்டலச் சட்டத்தின்படி நம் ஆட்சிக்கடல் 12 கடல் மைல், அதாவது 22.2 கிலோமீட்டர், தொடர் மண்டலம் 24 கடல் மைல், 44.4 கிலோமீட்டர், தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல், 370.4 கிலோமீட்டர். இவை அடிக்கோடு என்று வரையறுத்த கோட்டிலிருந்து அளக்கப்படுபவை. 200ஐத் தரை மைலாக எண்ணினால் 322 கிலோமீட்டர்தான் வரும். 48 கிலோமீட்டர் காணாமல் போகிறது. அந்நிய நாட்டின் மண்டல விளிம்பை இப்படிக் கணக்கிட்டால், வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டே உள்ளே நிற்க நேரும். எல்லை சம்பந்தப்பட்ட எண்ணை மாற்றும்போது, முழு எண்ணாக்குவதையும் பாதுகாப்பான பக்கமே செய்ய வேண்டும்: விலகி நிற்க வேண்டிய தூரம் 22.2 என்றால் 23 என்று எழுதுங்கள், 22 என்று வேண்டாம்.

பரப்பளவுக்கு வந்தால், 1.852ஐ இரண்டு முறை பெருக்க வேண்டும். ஒரு சதுரக் கடல் மைல் 3.43 சதுரக் கிலோமீட்டர். பத்துக்குப் பத்துக் கடல் மைல் கொண்ட கடற்பகுதி 343 சதுரக் கிலோமீட்டர். 185 என்று எழுதினால் பாதியை விட்டுவிட்டோம் என்று பொருள்.

ஆழம்

பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு. ஆளுக்கு ஆள் அது மாறும். ஆங்கிலேயர் வகுத்த ஃபாதம் ஆறு அடி, 1.83 மீட்டர், ஆழம் காட்டும் கருவியான எக்கோ சவுண்டரில் பாகம் என்று நாம் படிப்பது அதைத்தான். மீட்டராக்க, எண்ணை இரட்டித்து, மூல எண்ணில் ஆறில் ஒன்றைக் கழியுங்கள்: 30 பாகம் என்றால் 60இல் 5 போக 55 மீட்டர். மீட்டரைப் பாகமாக்க, பாதியோடு பாதியில் பத்தில் ஒன்றைச் சேருங்கள்: 60 மீட்டர் என்றால் 30, அதோடு 3, ஆக 33 பாகம். ஆயிரம் பாகம் ஏறத்தாழ ஒரு கடல் மைல் என்பதும் நினைவில் வைக்க உதவும். சவுண்டரிலும் மீட்டர், பாகம், அடி என்று மூன்று தேர்வுகள் இருப்பதால், ஜி.பி.எஸ்.ஸுக்குச் சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

தகவலை எழுதும் முறை

கடலில் இருப்பவரிடம் மாற்றுக் கணக்கைப் போடச் சொல்லக் கூடாது. அலையிலும் மழையிலும் சுக்கானைப் பிடித்து நிற்பவருக்கு அது வேலை அல்ல. அவர் தம் கருவி காட்டுவதை அப்படியே சொல்லட்டும். மாற்றுவது கரையில், நிதானமாக, ஒருவர் செய்து இன்னொருவர் சரிபார்த்து நடக்கட்டும். கரையிலிருந்து செய்தி சொல்லும்போது மாற்றிய எண்ணை முதலில் சொல்லி, மூல எண்ணையும் கூடவே சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கேட்பவருக்கே சந்தேகம் வந்து திரும்பக் கேட்பார்.

எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது நல்லது. எல்லையின் அந்தப் பக்கத்துப் படகு மலையாளத்தில் பதில் சொல்லும்போது இது மிகவும் உதவுகிறது; 'மூன்று எட்டு' என்றால் இரு மொழிக்காரருக்கும் ஒன்றுதான் விளங்கும். தேவையில்லாத பதின்ம இலக்கங்களையும் சேர்க்க வேண்டாம். வந்த தகவல் 38 என்றால் மாற்றிய விடை 70 கிலோமீட்டர், 70.376 என்று எழுதினால், இல்லாத துல்லியம் இருப்பதுபோல் ஆகிவிடும்.

எங்கள் ஊரில் வயர்லெஸ் இருக்கும் அறையின் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பவை இவ்வளவுதான்:

கடல் மைல் × 1.852 = கிலோமீட்டர்
கிலோமீட்டர் × 0.54 = கடல் மைல்
நாட் × 1.852 = மணிக்குக் கிலோமீட்டர்
வினாடிக்கு 50 செ.மீ. நீரோட்டம் = ஏறத்தாழ 1 நாட்
பாகம் × 1.83 = மீட்டர்
பாகையின் பதின்மம் × 60 = மினிட்

அதன் கீழே, தகவல் எழுத வேண்டிய மாதிரி ஒன்றும் இருக்கிறது. முன்பு நான் துண்டுத்தாளில் 38 என்று எழுதியது இன்று இப்படி எழுதப்படும்: "நேரம் காலை 6.40. இடம், படகின் ஜி.பி.எஸ். காட்டியபடி. தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலிருந்து தென்மேற்கே 38 கடல் மைல், அதாவது 70 கிலோமீட்டர். அட்சரேகையும் தீர்க்க ரேகையும் பாகை-மினிட் முறையில் கீழே. இயந்திரம் நின்றது காலை 5.30. நீரோட்டம் தெற்கு நோக்கி, சுமார் 1 நாட். எழுதியவர், சரிபார்த்தவர் கையெழுத்து."